பரீட்சைக்கு மட்டும் எழுதச் சொன்ன பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருந்தால் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்ட் போட வேண்டாம் என்பது மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள்.

போன கிழமை இரவு ஒரு வாப்பா எனக்கு அழைப்பெடுத்தார். அவருடைய மகள் என்னிடம் உயர் தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மரியாதையான மனிதர். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"சேர், கோவிக்க வேணாம். வகுப்பில மனுசன் குரங்கிலிருந்து வந்தான் எண்டு படிச்சுக் குடுத்ததாக் கேள்விப்பட்டேன். நம்மட பாடசாலையில இதெல்லாம் தேவையா? பாஸ் பண்ணுறதுக்கு என்ன வேணுமோ அத மட்டும் குடுத்தாப் போதாதா?"

நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. உயிரியலும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கடைசிக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. ஏனென்றால், "பாஸ் பண்ணுறதுக்கு மட்டும்" என்பதைத்தான் நான் பன்னிரண்டு வருடங்களாகச் செய்துகொண்டிருந்தேன். அதை ஏன் விட்டேன் என்பதை அவருக்கும், வட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உயர் தர உயிரியலில் உயிரின் தோற்றமும் கூர்ப்பும் ஒரு அலகாகவே வருகிறது. அந்த அலகு வந்தவுடன் நான் ஒரு வசனம் சொல்வேன்: "புள்ளைகளே, இத பரீட்சைக்கு எழுதுங்க. மனசுக்குள்ள எடுக்க வேணாம்." பிறகு காலங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் பண்ணச் சொல்லி, இரண்டே பாடவேளைகளில் முடித்துவிடுவேன். பெற்றோரிடமிருந்து முறைப்பாடு வராது. பெறுபேறும் நன்றாக வந்தது. நான் ஈமானையும் பாதுகாத்துவிட்டேன், பெறுபேற்றையும் பாதுகாத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிள்ளைகள் அந்த நினைப்பைக் கலைத்தார்கள்.

ஒருத்தி பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்துக்குப் போனாள். முதலாம் வருட விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தவள் சொன்னாள்: "சேர், மத்தப் புள்ளைகளுக்கு அது படிச்ச பாடம். எனக்கு மட்டும் அது ஒளிச்சு வெச்ச பாடம். வகுப்பில வாயத் தொறக்கப் பயமா இருந்திச்சு." அவள் குற்றம் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

மற்றவன் கெட்டிக்காரப் பையன். அவன் சொன்னது இன்னும் கனமானது. "நீங்க ஒண்ட எழுதச் சொல்லி இன்னொண்ட நம்பச் சொன்னீங்க, சேர். அப்ப நீங்க சொல்லித் தந்த மத்ததெல்லாம் எப்படி நம்புறது?" அவன் "மத்ததெல்லாம்" என்று சொன்னதில் விஞ்ஞானம் மட்டும் இருக்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே விளங்கியது.

அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். நான் எதையும் பாதுகாக்கவில்லை. உண்மை என்று நினைக்காத ஒன்றைப் புள்ளிக்காக எழுதலாம் என்பதைத்தான் பன்னிரண்டு வருடங்களாகப் படிப்பித்திருக்கிறேன். அது நயவஞ்சகத்துக்குப் பயிற்சி. கூர்ப்பைப் படித்ததால் ஒரு பிள்ளைக்கு வரக்கூடிய கேள்வியைவிட, இந்தப் பழக்கம் ஆபத்தானது.

அதனால் இந்த முறை கதையை முழுவதாகச் சொன்னேன். புத்தகத்தைத் திறக்க முதல் ஒரு கல்லைக் கையில் கொடுத்தேன்.

புத்தளத்து ஆட்களுக்கு அருவக்காலு என்ற பெயரைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கொழும்புக் குப்பைக்காக நாடே அந்தப் பெயரைக் கேட்டது. அங்கிருந்து சீமெந்துக்குச் சுண்ணக்கல் வருவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கல் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அதாவது 2 கோடியே 30 லட்சம் வருடங்களுக்கும் 53 லட்சம் வருடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலுக்கு அடியில் படிந்தது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை வடமேற்குக் கரையோரம் அந்தக் கல்தான். அதில் சிப்பியும் மற்றக் கடலுயிர்களும் கல்லாகிக் கிடக்கின்றன. நாம் வீடு கட்டியிருக்கும் தரை ஒரு காலத்தில் கடலின் அடி.

தப்போவ குளத்துப் பக்கம் போனால் இன்னும் பழைய கதை. அங்கே ஜுராசிக் காலத்துத் தாவரங்களின் சுவடுகள் களிப்பாறையில் பதிந்து கிடைத்திருக்கின்றன. பன்னங்களும் சைக்கசு வகைகளும். டைனோசர் படம் பார்த்துவிட்டு வந்து துள்ளும் நம் பிள்ளைகளுக்கு, அதே காலத்து இலை அனுராதபுரம் போகும் பாதையில், பக்கத்திலேயே கிடைத்தது என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கேட்டாள்: "கோடி வருஷம் எண்டு எப்படி சேர் தெரியும்? ஆராச்சும் இருந்து பாத்தாங்களா?" நல்ல கேள்வி. அதற்கு "புத்தகத்தில இருக்கு" என்று பதில் சொல்லக் கூடாது.

மின்வெட்டு நேரம் ஒரு மெழுகுதிரி எரிகிறது. நீங்கள் வெளியில் போய்விட்டு வருகிறீர்கள். மிச்சமிருக்கும் திரியும் தெரிகிறது, உருகி வழிந்து கிடக்கும் மெழுகும் தெரிகிறது. எவ்வளவு வேகத்தில் உருகும் என்பதும் தெரியும். அப்படியென்றால் எப்போது கொளுத்தினார்கள் என்று கணக்குப் போடலாம். யுரேனியம் அப்படித்தான். அது மாறாத ஒரு வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு வகையில் பாதி ஈயமாக மாற 447 கோடி வருடங்கள் எடுக்கிறது.

இதை அளக்கச் சிறந்த கல் சிர்க்கோன். பேருவளையில் கல் வியாபாரம் செய்யும் நம் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கல் நன்றாகத் தெரியும். நிறமில்லாத சிர்க்கோனைத்தான் மாத்தறை வைரம் என்று விற்றார்கள். சிர்க்கோன் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை எடுக்காது. ஆகவே பிறகு அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் மாறியதால் வந்தது. இரண்டையும் அளந்தால் கல்லின் வயது வந்துவிடும். இலங்கையின் சிர்க்கோன் கற்களின் வயது 55 கோடி வருடங்களை அண்டி வருகிறது. அந்தக் கற்கள் இன்றைக்கு உலகத்தின் பல ஆய்வுகூடங்களில், கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும் படிக்கல்லாகப் பயன்படுகின்றன. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு சிர்க்கோன் துணிக்கையின் வயது 440 கோடி வருடங்கள்.

பூமியின் வயதை முதலில் சரியாக அளந்தவர் கிளேர் பற்றர்சன் என்ற அமெரிக்கர். 1956இல், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 455 கோடி வருடங்கள் என்றார். இன்றைக்கும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. இப்போது 454 கோடி என்கிறோம். ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொன்னது அதற்குப் பிந்திய கதையையும் சேர்த்துத்தான். அளக்கப் போனவருக்கு ஒரு தொல்லை இருந்தது. காற்றிலும் தூசியிலும் எல்லா இடத்திலும் ஈயம். அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனவர், பெற்றோலில் கலக்கும் ஈயம் மனித உடம்புக்குள் வரை போயிருப்பதைக் கண்டார். பெரிய கம்பனிகளை எதிர்த்துப் பல வருடங்கள் நின்றார். அமெரிக்காவில் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்ததில் அவருக்கும் பங்குண்டு. பூமியின் வயதைத் தேடிய ஒரு மனிதரால் எத்தனையோ பிள்ளைகளின் மூளை பாதுகாக்கப்பட்டது. "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

சரி, 454 கோடி வருடங்கள் என்றால் எவ்வளவு? பிள்ளைகளுக்கு அந்த எண் விளங்காது. எனக்கும் விளங்காது. அதனால் அதை நமக்குப் பழக்கமான ஒரு அளவுக்குள் கொண்டுவந்தேன். முப்பது நாள் நோன்பு மாதம் ஒன்றுக்குள் பூமியின் முழு வரலாற்றையும் வைத்துப் பாருங்கள். நம் கணக்குப்படி நாள் மஃரிபில் தொடங்குகிறது. தலைப்பிறை கண்ட மஃரிபில் பூமி உருவாகத் தொடங்குகிறது. முப்பதாம் நோன்பு திறக்கும் பாங்கு, இந்த நிமிடம். ஒரு நாள் என்பது 15 கோடி வருடங்களுக்குச் சற்றுக் கூட. ஒரு மணித்தியாலம் 63 லட்சம் வருடங்கள். ஒரு செக்கன் ஏறக்குறைய 1750 வருடங்கள்.

சூரியனைச் சுற்றிய தூசியும் கல்லும் ஒன்றோடொன்று மோதி, ஒட்டி, பூமி திரள்கிறது. முதல் இரவிலேயே இன்னொரு பெரிய கோள் பூமியில் மோதி, சிதறிய துண்டுகளிலிருந்து சந்திரன் உருவாகிறது. முதல் நோன்பு திறக்க முன்னரே பூமியில் தண்ணீர் இருந்திருக்கிறது. அதைச் சொல்வதும் அந்த அவுஸ்திரேலியச் சிர்க்கோன் துணிக்கைகள்தான்.

ஏழு நோன்பு முடிகிறபோது உயிரின் தெளிவான தடயங்கள். பற்றீரியாக்கள் படை படையாகக் கட்டிய கல் மேடுகள். அதற்கு முன் முதல் கலம் எப்படி உருவானது என்ற படிகளை விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் வகுப்பில் அப்படியே சொன்னேன். தேடிக்கொண்டிருப்பதைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வதால் விஞ்ஞானத்துக்கு ஒரு குறையும் வராது.

பதினைந்தாம் இரவு, நாம் தராவீஹ் தொழுகிற நேரம், காற்றில் ஒட்சிசன் தங்கத் தொடங்குகிறது. ஒளித்தொகுப்புச் செய்த சிறிய சயனோபற்றீரியாக்களின் வேலை அது. இன்று நாம் இழுக்கும் மூச்சுக்கு அவைதான் ஆரம்பம். பத்தொன்பது, இருபது நோன்பு அளவில் கருவுள்ள கலங்கள் வருகின்றன. நம் கலங்களுக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகள் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பற்றீரியாக்கள் என்று லின் மார்குலிஸ் என்ற பெண் விஞ்ஞானி 1967இல் எழுதினார். பலர் ஏற்க மறுத்தார்கள். பிறகு பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது அவர் சொன்னது சரியென்று வந்தது.

மாதத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் விலங்கு என்று சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. இருபத்தேழாம் இரவின் ஸஹர் நேரத்தில்தான் கேம்பிரியன் காலம் வருகிறது, சுமார் 54 கோடி வருடங்களுக்கு முன். ஓடுள்ளவை, கால்களுள்ளவை, கண்ணுள்ளவை என்று கடல் நிறைகிறது. அதே இரவில்தான் நமது மலைநாட்டுப் பாறைகள் பூமிக்குள் அழுத்தப்பட்டு உருமாறி, இரத்தினக் கற்கள் உருவாகின்றன.

இந்த இடத்தில் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியானது. பின்வரிசையில் ஒருவன் "சேர், இருபத்தேழாம் இரவா!" என்றான். எனக்குத் தெரியும், இந்தப் பதிவையும் இதை மட்டும் வெட்டி எடுத்து யாராவது அதிசயம் என்று குரூப்புகளில் போடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மாதத்தை 29 நாளாக எடுத்தால் அதே சம்பவம் இருபத்தாறாம் நோன்புப் பகலுக்குப் போய்விடும். இது விளங்குவதற்காக நான் எடுத்த ஒரு அளவுகோல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தொடர்வோம். இருபத்தேழாம் நோன்பு அஸர் நேரம் தாவரங்கள் தரைக்கு வருகின்றன. இருபத்தெட்டாம் நோன்பு காலையில் மீன் வம்சத்தில் சில, கால்களாக மாறும் துடுப்புகளோடு ஆழமில்லாத தண்ணீரில். இருபத்தொன்பதாம் இரவில் பூமி கண்ட ஆகப் பெரிய அழிவு. கடலுயிர் இனங்களில் மிகப் பெரும்பாலானவை போய்விட்டன. இருபத்தொன்பதாம் நோன்புப் பகல் நமது தப்போவ இலைகள். முப்பதாம் நோன்பு காலை எட்டு மணியளவில் மெக்சிகோப் பக்கம் ஒரு விண்கல் விழுந்து டைனோசர்களின் காலம் முடிகிறது. அருவக்காலுக் கல் படிவது அன்று பிற்பகல்.

மனிதன்? மொரோக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் வருடங்கள். நம் கணக்கில், கடைசி நோன்பு திறக்க மூன்று நிமிடங்கள் இருக்கும்போது. கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் முன்னால் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருப்போமே, அந்த மூன்று நிமிடங்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் மனிதர்கள் வாழ்ந்தது, பாங்குக்கு அரை நிமிடம்கூட இல்லாதபோது. மனிதன் எழுதத் தொடங்கி மூன்று செக்கன். நமது ஹிஜ்ரத்திலிருந்து இன்றுவரை ஒரு செக்கன்கூட இல்லை.

இதைக் கேட்ட பிள்ளைகள் ஈமானை இழந்து எழும்பவில்லை. ஒருத்தி "ஸுப்ஹானல்லாஹ்" என்றாள். இன்னொருத்தன் "அப்ப நாங்க எவ்வளவு சின்ன ஆக்கள்" என்றான். பெருமையடிக்காத மனிதனை உருவாக்க வேண்டும் என்று நாம் எத்தனை பயான் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு ஒரு உயிரியல் பாடம் அதில் ஒரு பங்கைச் செய்தது.

இனி அந்த வாப்பா கேட்ட குரங்கு விஷயத்துக்கு வருவோம்.

கூர்ப்பு என்றால் என்ன என்பதை நான் ஆவுளியாவை வைத்துத்தான் தொடங்கினேன். கல்பிட்டிக் கடலில் முன்பெல்லாம் வலையில் சிக்கும் கடற்பசு. கடற்பன்றி என்றும் சொல்வார்கள். பெயர்தான் அப்படி, பன்றியோடு அதற்குக் கிட்டிய சொந்தமில்லை. அதற்குக் கிட்டிய சொந்தம் யானை. நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? கடற்பசு நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. யானைக்கு மடி முன்னங்கால்களுக்கு இடையில் இருப்பதுபோல, கடற்பசுவுக்குத் துடுப்புகளின் கக்கத்தில். யானைத் தந்தம் எப்படி வெட்டும் பல்லோ, அப்படியே ஆண் கடற்பசுவுக்கும் வெட்டும் பல் தந்தமாக வளர்கிறது. துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் எலும்புகள். நீந்தும் ஒரு பிராணிக்கு விரல் எலும்பு எதற்கு? பரம்பரையலகுகளும் இந்த இரண்டுக்கும் சொந்தம் என்றே சொல்கின்றன.

இது வெறும் ஊகமாக இருந்தால், கால்களுள்ள பழைய கடற்பசு ஒன்று பாறைக்குள் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. ஜமெய்க்கா தீவில், ஐந்து கோடி வருடங்களை அண்டிய பாறையில், நான்கு கால்களும் உள்ள கடற்பசு. பெசோசைரன் என்று பெயர் வைத்து 2001இல் அறிவித்தார்கள். வயலுக்குள் வந்து நம்மைப் பயமுறுத்தும் யானையும், களப்புப் பக்கம் புல் மேயும் ஆவுளியாவும் பழைய காலத்தில் பிரிந்த ஒரே குடும்பம்.

இன்னொரு உதாரணமும் சொன்னேன். மீனுக்கும் தரையில் நடப்பவற்றுக்கும் இடைப்பட்ட ஒரு உயிரினம் வாழ்ந்திருந்தால், அது சுமார் 37 கோடி வருடப் பாறையில்தான் இருக்க வேண்டும் என்று நீல் ஷூபினும் அவருடைய குழுவும் கணக்குப் போட்டார்கள். அந்த வயதுப் பாறை எங்கே வெளியில் தெரிகிறது என்று படத்தில் பார்த்து, கனடாவின் வடதுருவப் பக்கத்து எல்ஸ்மியர் தீவுக்குப் பல வருடங்கள் போய் வந்தார்கள். 2004இல் டிக்டாலிக் கிடைத்தது. செதிள் உண்டு, பூ உண்டு, ஆனால் கழுத்தும் உண்டு, துடுப்புக்குள் கை எலும்பின் அமைப்பும் உண்டு. முதலே சொல்லிவிட்டுப் போய்த் தோண்டி எடுத்தார்கள். "இது வெறும் கோட்பாடுதானே" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விஞ்ஞானத்தில் கோட்பாடு என்பது வாய்க்கு வந்த கதை அல்ல. சோதனைகளுக்கு நின்று பிடித்த விளக்கம். கொவிட் காலத்தில் டெல்டா, ஒமிக்ரோன் என்று வைரசு மாறிக்கொண்டே வந்ததை நாமெல்லோரும் வீட்டுக்குள் இருந்து பார்த்தோம். கொடுத்த மருந்தை முழுதாகக் குடித்து முடியுங்கள் என்று டொக்டர் சொல்வதிலும் கூர்ப்பு இருக்கிறது. மருந்துக்குச் சாகாத பற்றீரியா பெருகிவிடக் கூடாது என்ற பயம் அது.

மனிதன் இன்று நாம் காணும் குரங்கிலிருந்து வந்தான் என்று உயிரியல் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் சுமார் 60, 70 லட்சம் வருடங்களுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது. உங்கள் மாமி மகன் உங்களுக்கு மச்சான். வாப்பா அல்ல. உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு மூத்தாப்பா இருந்தார், அவ்வளவுதான். இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், பிள்ளை பிழையான ஒன்றைத்தான் மறுத்துக்கொண்டும் இருக்கும், எழுதிக்கொண்டும் இருக்கும்.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் சமூகத்துக்கு யானையும் ஆவுளியாவும் பிரச்சினை இல்லை. பிரச்சினை மனிதனில்தான். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் விஷயத்தில்தான். அதை வகுப்பில் நானாகத் தீர்த்து வைக்கப் போகவில்லை. நான் மௌலவி அல்ல, உயிரியல் ஆசிரியர். எங்கள் பள்ளி மௌலவியிடம் போனேன். அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பேசினோம். அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"மனுசண்ட விஷயத்தில உங்கட புத்தகத்தோட நான் உடன்பட மாட்டேன், சேர். அது என்ட நிலைப்பாடு. ஆனா புள்ளைக்கு ஒளிச்சு வெக்கிறது, பொய்யா எழுதச் சொல்றது, அது அமானத்துக்கு மாத்தம். நீங்க உங்கட பாடத்த ஒழுங்காச் சொல்லுங்க. மார்க்கக் கேள்வி வந்தா என்னட்ட அனுப்புங்க. நான் கோவிக்க மாட்டேன்."

அவரோடு நான் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. அவரும் என்னோடு ஒத்துப்போகவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஒன்றாக மஃரிப் தொழுதோம். உலகத்தில் முஸ்லிம் அறிஞர்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை. முழுதாக மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற உயிர்களுக்கு ஏற்றுக்கொண்டு ஆதம் நபியைத் தனியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். இதுவும் அல்லாஹ் படைக்கும் ஒரு வழி என்று முழுதாக ஏற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றும் உண்டு என்பதையாவது நம் பிள்ளை பதினெட்டு வயதில் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "ஒன்று மார்க்கம், இல்லாவிட்டால் விஞ்ஞானம், இரண்டில் ஒன்றை எடு" என்று முகம் தெரியாத யாரோ ஒரு வீடியோவில் சொல்வதைத்தான் அது நம்பும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

மறுபக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானத்தில் எது வந்தாலும் "இது எங்களிட்ட முன்னமே இருக்கு" என்று உடனே வேதத்தோடு கொண்டுபோய் ஒட்டுகிறோம். நாளைக்கு அந்த ஆய்வு திருத்தப்பட்டால் என்ன செய்வோம்? வேதத்தையும் திருத்துவோமா? நம் முன்னோர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் வெளியில் போய்க் கல்லைப் பார்த்தார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன் அல்பிரூனி இந்தியாவில் நிலத்தைத் தோண்டிப் பார்த்து, மலைக்குப் பக்கத்தில் பெரிய உருண்டைக் கற்கள், தூரப் போகப் போகச் சிறிய கற்கள், கடைசியில் மணல் என்று கவனித்தார். இந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த மண்ணால் நிரம்பியது என்று முடிவு செய்தார். அதே காலத்தவரான இப்னு சீனா, பாறைகளை உடைக்கும்போது நீர்வாழ் பிராணிகளின் பகுதிகள் தெரிவதைக் கொண்டு மலைகள் நீண்ட காலத்தில் உருவாகின்றன என்று விளக்கினார். அவர்கள் இன்றைய கூர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய். அவர்கள் கல்லைப் பார்க்கப் பயப்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அவர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். அவர்களின் பழக்கத்தைக் கொடுக்கப் பயப்படுகிறோம்.

என்னோடு வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "எழுதுங்க, ஆனா நம்ப வேணாம்" என்ற வசனத்தை விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாக, "விஞ்ஞானம் இதைச் சொல்கிறது, இந்த ஆதாரத்தால் சொல்கிறது" என்று சொல்வோம். பிள்ளை அதை ஏற்பதும் யோசிப்பதும் கேள்வி கேட்பதும் பிள்ளையின் உரிமை. விளங்கிக்கொண்டு மறுப்பவனைக்கூட நான் மதிப்பேன். விளங்காமல் எழுதுபவனை நினைத்துத்தான் கவலை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டுக்கு வந்து டைனோசர் பற்றியோ ஆதி மனிதன் பற்றியோ கேட்டால் "ச்சீ, அதெல்லாம் பேசாத" என்று வாயை மூடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், மௌலவியிடம் அனுப்புங்கள். கேள்வி கேட்ட பிள்ளை உங்களிடம்தான் இன்னும் இருக்கிறது. கேட்பதை நிறுத்திய பிள்ளைதான் தூரப் போகத் தொடங்கிவிட்டது.

எனக்கு அழைப்பெடுத்த அந்த வாப்பாவுக்கு: உங்களைப் பற்றி எனக்கு ஒரு கோபமும் இல்லை. மகளை நினைத்துத்தான் கேட்டீர்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை பிள்ளைகளோடு அந்தச் சுண்ணக்கல்லை வைத்துப் பாடம் எடுக்கும்போது நீங்களும் வந்து பின்வரிசையில் இருங்கள். உங்களுக்கும் ஒரு துண்டு கையில் தருவேன். சிப்பி தெரியும் பக்கமாகப் பார்த்துத் தருவேன்.

பிழைகள் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஏச வேண்டும் என்றால் இன்பொக்ஸில் வாருங்கள். பிள்ளைகள் கொமெண்ட் வாசிக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.